அடிவாரம் – 17: தூர்த்த கிணறு

போன வாரம் பிரான்ஸின் வெஸ்லே மலைத் தெருவில் மூச்சிரைக்க ஏறி, மகதலா மரியாள் பேராலயத்தின் வாசலில் நின்றோம். நிலைப்படிக்கு மேலே செதுக்கியிருந்த நாய்முகத்து மனிதர்களையும், முறம்போல் காது விரித்தவர்களையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த வாரம் உள்ளே போகலாம் என்று சொல்லியிருந்தேன். போகவில்லை. மலையைவிட்டு இறங்கிவிட்டேன். காரணம், உப்பு.

வாசலில் நின்று கீழ்ப்பக்கம் பார்த்தபோது, திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால், கியூர் ஆற்றங்கரையில் ஒரு கோபுரமும் அதைச் சுற்றிக் கொஞ்சம் ஓட்டுக்கூரைகளும் தெரிந்தன. சேன் பேர் என்கிற கிராமம். தூரம் 2 கிலோமீட்டர்தான். மலைக்குப் போகிற ஊரிலெல்லாம் அடிவாரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்ற விரதத்தோடுதான் இந்தத் தொடரைத் தொடங்கினேன். கூட வந்தவர் காரைக்காலில் பிறந்து முப்பது வருடமாகப் பாரிஸில் இருக்கும் ஓர் அண்ணன். கார் அவருடையது. “தம்பி, முதல்ல சாப்பாடு. கோயில் எங்கேயும் போயிடாது” என்றார். இறங்கினோம்.

சேன் பேரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. காய்கறி சூப் வந்தது. ஆவி பறந்தது, மணம் இருந்தது, உப்பு மட்டும் ஒரு மாற்றுக் குறைவு. அண்ணன் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். கடைக்கார அம்மாள் மேசை நடுவிலிருந்த குடுவையைக் கண்ணால் காட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வேண்டுமட்டும் போட்டுக்கொள்ளலாம். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். மாலைக்குள் அந்தக் குடுவையை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

முதலில் இந்த அடிவாரத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பேராலயத்துக்குரிய மடம் முதன்முதலில் கட்டப்பட்டது மலைமேல் அல்ல. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜிரார் என்ற பிரபுவும் அவர் மனைவி பெர்த்தும் இங்கே, ஆற்றங்கரையில், கன்னியர் மடமாக அதை நிறுவினார்கள். சில ஆண்டுகளிலேயே நார்மன் கொள்ளையர் ஆற்றுவழியே ஏறிவந்து சூறையாட, மடம் பாதுகாப்புத் தேடி மலைக்கு இடம் மாறியது. மகதலா மரியாளின் திருப்பண்டங்கள் தங்களிடம் இருப்பதாக மேலே உள்ளவர்கள் சொல்லத் தொடங்கியது 11ஆம் நூற்றாண்டில். அதன்பிறகுதான் யாத்திரிகர் கூட்டம், பெரிய கோயில், 1146இல் புனித பெர்னார்டின் சிலுவைப்போர் முழக்கம், 1190இல் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டும் பிரான்ஸ் அரசர் பிலிப்பும் படையோடு வந்து கூடியது எல்லாம். அத்தனைக்கும் வித்து இந்தச் சமவெளியில் விழுந்தது.

அந்த ஜிரார் தம்பதியைப் பற்றி 12ஆம் நூற்றாண்டில் ஒரு நெடுங்காவியம் எழுந்தது. பேரே ‘ஜிரார் தெ ரூசியோன்’தான். கதையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர நினைத்தேன், மனம் கேட்கவில்லை. ஜிராருக்கும் அரசன் சார்லஸுக்கும் பகை மூள்கிறது. போர்மேல் போர். ஜிரார் தோற்று, நாடிழந்து, காட்டில் கரி சுட்டு மூட்டை சுமந்து விற்றுப் பிழைக்கிறார். நேற்றுவரை பட்டு உடுத்திய பெர்த் ஊரார் துணியைத் தைத்துக் கொடுத்து வயிறு கழுவுகிறாள். ஓராண்டு ஈராண்டல்ல, 22 ஆண்டுகள். பிறகு மன்னிப்பும் மீட்சியும். மீண்டு வந்த பெர்த், வெஸ்லே மலையில் கோயில் எழும்பும்போது இரவில் யாருக்கும் தெரியாமல் மணல் சுமக்கிறாள். கணவனுக்குச் சந்தேகம். பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், பிரபுவின் மனைவி கூலியாளாய் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறாள். எல்லா மலைக்கோயிலிலும் மணலும் கல்லும் கீழிருந்துதானே போயிருக்கும்? சுமந்த தோள்களைப் பாடிய காவியங்கள் அரிது. அதனாலேயே இது எனக்குப் பிடித்துப்போனது.

இந்தக் காவியத்தில் ஒரு பெரும்போர் வருகிறது. வால்பெத்தோன் என்ற சமவெளியில் ஜிராரும் அரசனும் மோதுகிறார்கள். அந்தக் களம் எங்கே இருந்திருக்கும் என்று பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடி வந்தவர் ரெனே லூயி என்ற பாதிரியார், காவிய ஆய்வாளர். ஆண்டு 1934. சேன் பேருக்குச் சற்றுத் தள்ளி, ஆற்றோரப் புல்வெளியில் அவர் மண்ணைக் கிளறினார். போர்க்களத்தைத் தேடிய இடத்தில் ரோமானியர் காலத்துக் குளியல் மண்டபம் கிடைத்தது. அதற்கும் கீழே கோல் இனத்தவரின் வட்டவடிவக் கோயில். அருகே இறந்தவர்களை எரித்துச் சாம்பலைத் தாழியிலிட்டுப் புதைத்த இடுகாடு. எல்லாவற்றுக்கும் அடியில், எல்லாவற்றுக்கும் முந்தியதாக, உப்புக் கிணறுகள்.

அந்த இடத்தின் பெயர் ஃபோந்தேன் சலே. உப்பூற்றுகள் என்று பொருள். பெயரிலேயே உப்பை வைத்துக்கொண்டு ஊர் காத்திருந்திருக்கிறது.

ஒரு கிணற்றின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தேன். நம் ஊர் உறைகிணறுபோல் மண்ணுறை இல்லை, கல் கட்டும் இல்லை. ஒரே ஓக் மரத்தின் அடிப்பகுதியை வெட்டி, உள்ளே குடைந்தெடுத்து, குழாய்போல ஆக்கி, ஊற்றின் கண்ணில் நட்டிருக்கிறார்கள். ஆற்றுநீரும் மழைநீரும் வெளியே நிற்கும். உவர்நீர் மட்டும் உள்ளே ஏறும். வேலை அவ்வளவு தெளிவு. மரத்தின் விளிம்பு கறுத்து, கல்லா மரமா என்று மயங்கவைத்தது. கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தால் நார் ஓடுகிற வரிசை தெரிகிறது. உள்ளே தண்ணீர் கலங்கலில்லாமல் நின்றது. அடியிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, மேலே வந்து, வெடித்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. ஊற்று உயிரோடு இருக்கிறது.

இந்த மரங்களுக்கு வயது 4,200 ஆண்டுகளுக்கு மேல். கிறிஸ்துவுக்கு முன் 2300ஐ ஒட்டிய காலம். மொகஞ்சதாரோத் தெருக்களில் ஆள் நடமாட்டம் இருந்த காலத்தில் இங்கே ஒருவர் ஓக் மரத்தைக் குடைந்துகொண்டிருந்திருக்கிறார். இப்படிப்பட்ட கிணறுகள் ஒன்றல்ல, 19.

வயதை எப்படிக் கண்டார்கள்? இந்த வாரம் முழுக்க நான் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். மழை கண்ட ஆண்டில் அகல வளையம், வறண்ட ஆண்டில் ஒல்லி வளையம். ஒரே வட்டாரத்து ஓக் மரங்கள் ஒரே வானத்தைப் பார்த்து வளர்ந்தவை, ஆகவே அகலமும் ஒல்லியும் எல்லா மரத்திலும் ஒரே வரிசையில் விழும். இன்று நிற்கும் மரத்தின் உள்வளையங்களைப் பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருத்து. உத்தரத்தின் உள்வளையங்களை அதற்கும் பழைய பாலத்துக் கட்டையோடு பொருத்து. அதை ஆற்றுச் சேற்றில் புதைந்த மரத்தோடு. சங்கிலி இப்படியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது. கிணற்று மரத்தின் வளைய வரிசை அந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் கச்சிதமாக உட்காருகிறதோ, அதுதான் அதன் காலம். மரம் தன் சாதகத்தைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. அது மட்காமல் இத்தனை காலம் கிடந்ததற்கும் உப்புநீருக்கே நன்றி சொல்லவேண்டும். காற்றுப் புகாமல் உவரில் ஊறிய மரத்தை அழுகவைக்கும் கிருமிகள் அண்டவில்லை. ஊறுகாய் கெடாமல் இருக்கும் அதே சங்கதி.

கடலே எட்டாத உள்நாடு இது. எங்கள் ஊர்ப்பக்கம் உப்பு வேண்டுமென்றால் பாத்தி கட்டிக் கடல்நீரைத் தேக்கி வெயிலில் விட்டால் போதும். இங்கே கடற்கரையிலிருந்து மூட்டை வரவேண்டும், அல்லது பூமி தானாக மனமிரங்கவேண்டும். அப்படி மனமிரங்கிய இடம் இது. கோல் மக்கள் இதைக் கோயிலாக்கிக் கும்பிட்டதில் எனக்கு வியப்பே இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை மலையேறவிடாமல் தடுத்தது. இத்தனை ஆயிரம் ஆண்டு ஊறிய இந்தக் கிணறுகளை 17ஆம் நூற்றாண்டில் மண்போட்டுத் தூர்த்துவிட்டார்கள். பகைவர் படையெடுத்து வந்து செய்ததல்ல. உப்பு வரி வசூலிக்கும் அதிகாரிகள் செய்தது.

அந்த வரிக்குப் பெயர் கபெல். பிரான்ஸில் வட்டாரத்துக்கு வட்டாரம் அது வேறுபட்டது. பிரித்தானி போன்ற கடலோரப் பகுதிக்கு விலக்கு. வெஸ்லே இருந்தது மிகக் கடுமையான வகுப்பில். அங்கே உப்பை அரசுக் கிடங்கில் மட்டுமே வாங்கவேண்டும், அரசு சொன்ன விலைக்கு. போதாததற்கு, வாங்காமலும் இருக்க முடியாது. 1680ஆம் ஆண்டுச் சட்டப்படி, 8 வயதுக்கு மேற்பட்ட 14 பேருக்கு ஆண்டுக்கு ஒரு மினோ, அதாவது ஏறக்குறைய 50 கிலோ, கட்டாயம் எடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாய உப்பும் அடுப்புப் பானைக்கும் மேசைக் குடுவைக்கும் மட்டும்தான். அதை வைத்து இறைச்சியை உப்புக்கண்டம் போட்டால் குற்றம். உப்புக்கண்டத்துக்குத் தனியே உப்பு வாங்க வேண்டும், தனியே வரி கட்ட வேண்டும்.

விலக்குப் பெற்ற பகுதிக்கும் வரிப் பகுதிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்ததால் கடத்தல் பெருகியது. பிரித்தானி எல்லையில் நாய்களைப் பழக்கி, உடம்பில் உப்புப் பை கட்டி இருட்டில் விரட்டிவிடுவார்கள். அக்கரை வீட்டில் சோறு கிடைக்கும் என்று தெரிந்த நாய் காவலருக்குக் கண்ணாமூச்சி காட்டி ஓடிப்போய்ச் சேரும். மனிதர்கள் பிடிபட்டால் அபராதம், சவுக்கடி, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை.

இப்படி ஒரு நாட்டில், ஆற்றோரத்தில் இலவசமாக ஊறும் உவர்க்கிணற்றை விட்டுவைப்பார்களா? ஒரு குடம் மொண்டுபோய்க் காய்ச்சினால் ஒரு குடும்பத்துக்கு ஆகும். ஆகவே தூர்த்தார்கள். இருப்பதை அழித்துவிட்டு, இல்லாததாக்கி, அதையே விலைக்கு விற்பது. கொடுங்கோன்மைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தூர்த்த கிணற்றைச் சுற்றி வாழ்ந்த மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. மறுநாள் காலை அதைத் தேடித்தான் தெற்கே, பஸோஷ் என்ற கிராமத்துக்குப் போனோம். வெஸ்லேயிலிருந்து காரில் கால் மணி நேரம். அங்கே ஒரு கோட்டை மாளிகை. 14ஆம் லூயி மன்னனின் கோட்டைப் பொறியாளர் வோபான், மாஸ்த்ரிக்ட் நகரை வீழ்த்திக் கொடுத்ததற்காகக் கிடைத்த பரிசுப் பணத்தில் 1675இல் வாங்கிய மாளிகை. அவர் பிறந்ததும் இந்த மோர்வான் மலைநாட்டில்தான். அரசனுக்காகக் கோட்டைகள் கட்டியும், எதிரிக் கோட்டைகளை உடைத்தும் வாழ்நாளெல்லாம் குதிரை மேலேயே கழித்தவர். போகிற வழியெல்லாம் வயலையும் வீட்டையும் எண்ணிக் குறித்துக்கொண்டே போனவர்.

1696இல் அவர் வெஸ்லே வட்டாரத்தைப் பற்றி ஒரு விவரணை எழுதினார். ஊர்வாரியாக வீடு எத்தனை, ஆண் பெண் எத்தனை, மாடு எத்தனை, தரிசு எவ்வளவு என்று அட்டவணை போட்டார். கணக்கோடு நிற்காமல் குடிசைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். இந்தச் சனங்கள் தின்பது தவிடு நீக்காத வாற்கோதுமையும் ஓட்ஸும் கலந்த ரொட்டி. ஆண்டில் மூன்று தடவைகூட இறைச்சி இல்லை. தோட்டத்துக் கீரையைத் தண்ணீரில் வேகவைத்து, கொஞ்சம் வால்நட் எண்ணெய் விட்டுக்கொள்வார்கள். அதிலும் பெரும்பாலும் உப்பு கிடையாது, இருந்தால் கிள்ளிப்போட்ட அளவு. உடுத்துவது கிழிந்து இற்றுப்போன நார்த்துணி, குளிருக்கும் அதுதான் வெயிலுக்கும் அதுதான். இந்த மக்களுக்கு உடம்பில் வலு எங்கிருந்து வரும் என்று கேட்கிறார் அரசனின் தளபதி. கீரைக்கு உப்பில்லை என்பதைக் கவனித்து எழுதிய தளபதி வேறு யாராவது உண்டா? பஸோஷில் அவர் வேலை பார்த்த நீண்ட கூடத்தில் நின்றபோது எனக்கு அவருடைய கோட்டை வரைபடங்களைவிட அந்தக் கீரைதான் கண்ணில் நின்றது.

இதே வோபான் பன்றிக்கும் கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு பெண் பன்றியும் அதன் வாரிசுகளும் பத்துத் தலைமுறையில் எவ்வளவு பெருகும் என்று ஒரு சிறு நூலே எழுதினார். நோய்க்கும் விபத்துக்கும் கழித்துக்கொண்டே வந்தும் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டுகிறது. படித்ததும் வேடிக்கைபோலத் தோன்றும். அவர் கடைசியாக எழுதிய ‘அரச தசம வரி’ நூலைப் புரட்டினால்தான் உள்ளே இருக்கும் வலி புரியும். உப்பின் விலை ஒருவகைப் பஞ்சத்தை உண்டாக்கியிருக்கிறது என்கிறார். எந்த ஏழை வீட்டாலும் ஒரு பன்றி வளர்க்க முடியும், ஆனால் அறுத்தால் உப்பிட்டு வைக்க வழியில்லையென்று வளர்க்காமலே விடுகிறார்கள் என்கிறார். 60 லட்சமாகப் பெருகக்கூடிய செல்வம், ஒரு மரக்கால் உப்பில்லாமல் தொடங்காமலேயே நின்றுபோகிறது. வரியை எல்லாருக்கும் பொதுவாக்கு, பிரபுவும் குருமாரும் கட்டட்டும், உப்பின் விலையை இறக்கு என்று அந்த நூல் அரசனிடம் மன்றாடுகிறது. 1707இல் அனுமதியில்லாமல் அச்சிட்டார். அரசவை தடை போட்டது. அதே ஆண்டு மார்ச் 30இல் அவர் இறந்துபோனார். பஸோஷ் தேவாலயத்தில் புதைத்தார்கள். நூறாண்டுக்குப் பின் நெப்போலியன் அவருடைய இதயத்தை மட்டும் எடுத்துப் பாரிஸில் வைத்தார்.

கபெல் 1790இல் புரட்சியோடு ஒழிந்தது. வோபானுக்கு அஞ்சலி செய்த அதே நெப்போலியன் 1806இல் உப்பு மேல் மறுபடி வரி போட்டார். அது முழுதாகப் போனது இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகுதான்.

திரும்பும் வழியில் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டியவர், “எங்க ஊர்லயும் அளத்தை மூட வெச்சாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க தம்பி” என்றார். பெரியவர்கள் சொன்னது சரிதான். 1818இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் உப்பு எடுப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டியது. அதற்கு ஈடாக ஆங்கிலேயர் ஆண்டுக்கு 4,000 வராகன் கொடுப்பது. சுற்றிலும் தாங்கள் ஏகபோகமாக விற்கும் உப்புக்கு நடுவே மலிவான பிரெஞ்சு உப்பு கசிந்துவிடக் கூடாதே. வெஸ்லேயில் மண்போட்டு மூடினார்கள். காரைக்காலில் பணம் போட்டு மூடினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மனம் ஆறியிருக்காது. மாலையில் மறுபடி மலைத்தெருவில் ஏறினோம். பாதித் தெருவில், கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடும் ஒரு வீடு. இப்போது அது ஸெர்வோஸ் கலை அருங்காட்சியகம். பிக்காசோவும் மிரோவும் உள்ளே இருக்கிறார்கள். 1938 முதல் 1944 டிசம்பர் 30 வரை அந்த வீட்டில் வாழ்ந்து, அங்கேயே உயிர்விட்டவர் ரொமேன் ரோலந். 1915ஆம் ஆண்டு இலக்கிய நோபல் பரிசு பெற்றவர். பிறந்தது பக்கத்து ஊரான கிளாம்சியில். ராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பற்றி அவர் எழுதிய வரலாறுகள் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1924இல் அவர் காந்தியைப் பற்றி எழுதிய சிறு நூல்தான் ஐரோப்பாவில் பலருக்கு அந்தப் பெயரையே அறிமுகம் செய்தது.

அந்த நூலைப் படித்துவிட்டு இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி ஒருவரின் மகள் 1925இல் சபர்மதிக்கு வந்து சேர்ந்தாள். பீத்தோவன் மேல் கொண்ட பித்து அவளை ரோலந்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ரோலந் அவளைக் காந்தியிடம் திருப்பிவிட்டார். காந்தி வைத்த பெயர் மீரா. பெற்றோர் வைத்த பெயர் மதலேன், நம்மூரில் மகதலா மரியாள் என்கிறோமே, அவருடைய பெயரின் பிரெஞ்சு வடிவம். மதலேனைக் காந்தியிடம் அனுப்பியவர், கடைசிக் காலத்தில் மதலேன் பேராலயத்தின் நிழலில் வந்து குடியேறினார். இதற்கு அர்த்தம் கற்பிக்க நான் முயலவில்லை. ஆனால் இந்த வரியை எழுதும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1930 மார்ச் 12இல் காந்தி தண்டிக்கு நடக்கத் தொடங்கினார். ஏப்ரல் 6இல் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதம் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்பட்டு, காவிரிக் கரையோரமாக நடந்து, மாத முடிவில் வேதாரண்யத்தில் உப்பெடுத்துக் கைதானார். அப்போது காந்தி திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு குற்றச்சாட்டு உண்டு. இயற்கையாக விளைந்து கிடக்கும் உப்பைச் சனங்கள் அள்ளிவிடக் கூடாதென்று அரசாங்கமே அழிக்கிறது என்பது அது. சேன் பேரில் கிணற்றைத் தூர்த்த கையும், குஜராத் கரையில் உப்பை மண்ணோடு மிதித்த காலும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை.

1931 டிசம்பரில், லண்டன் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில், காந்தி ஸ்விட்சர்லாந்தில் ரோலந்தின் வீட்டில் சில நாள் தங்கினார். மீராவும் உடன் இருந்தார். கடைசி நாள் மாலையில் ரோலந் பியானோவில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து மெதுவான பகுதியை வாசித்துக் காட்டினார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே ரோலந் இந்த மலைக்குக் குடிவந்தபோது, கீழே புல்வெளியில் ரெனே லூயி கண்டுபிடித்த இடம் மறுபடி வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அந்த வீட்டின் சன்னல் வழியே கியூர் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. உப்பூற்று எந்தப் பக்கம் என்று அண்ணனும் நானும் விரல் நீட்டிப் பார்த்துக்கொண்டோம்.

மகதலா மரியாளின் திருப்பண்டம் தங்களிடமே இருப்பதாக 1279இல் புரோவான்ஸில் வேறொரு கோயில் அறிவித்ததும் வெஸ்லேக்கு யாத்திரிகர் வரத்து குறைந்து மலை இளைத்துப்போனது. அடிவாரத்து ஊற்று அப்போதும் ஊறிக்கொண்டிருந்தது. தூர்த்த பிறகும் மண்ணுக்குள் ஊறியிருக்கிறது. இன்றும் ஊறுகிறது.

கோயில் கதவு அடைக்க அரைமணி நேரம் இருந்தது. உள்ளே எட்டி மட்டும் பார்த்தேன். நடுமண்டபத்தின் வலப்பக்கத் தூண் ஒன்றின் உச்சியில் ஒரு திரிகை. மோசே மேலிருந்து தானியத்தைக் கொட்டுகிறார், பவுல் கீழே பையைப் பிடித்து மாவை வாங்கிக்கொள்கிறார். குனிந்த முதுகும், ஏந்திய பையும், திரிகையின் சக்கரமும் ஏதோ நேற்றுத்தான் செதுக்கியதுபோல இருந்தன. பழைய ஏற்பாடு அரைபட்டுப் புதிய ஏற்பாடாகிறது என்று பொருள் சொல்வார்கள். அதைப் பற்றியும், ஆண்டுதோறும் ஜூன் 21ஐ ஒட்டி உச்சிப்பொழுதில் நடுமண்டபத் தரையில் வரிசையாக விழும் ஒளிவட்டங்களைப் பற்றியும், 1976இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவி அவற்றைக் கவனித்ததைப் பற்றியும் அடுத்த வாரம் அவசியம் எழுதுகிறேன்.

இன்றைக்கு என் கண்ணில் நின்றது அந்த மாவுப் பை. மேலே மாவு அரைபடுகிறது. உப்பு கீழேதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ரொட்டி.

இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி சேன் பேருக்கே இறங்கினோம். அதே கடை, அதே மேசை, அதே குடுவை. அண்ணன் ரொட்டியைப் பிட்டு, வெண்ணெய் தடவி, இரண்டு விரலால் உப்பை எடுத்து மேலே தூவினார். சிதறியதை விரல் நுனியில் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு கல்லையும் வீணாக்கவில்லை.